உன் மேடையிலிருந்து இறங்கியவள் என் வீட்டில் இருக்கிறாள்

மகனே,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரி தன் போனில் காட்டினாள். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத முழுக்கை, பின்னால் ஒரு பூச்சாடி. கண்ணை மூடிக்கொண்டு, "என் மனைவிக்காக மன்றாடுங்கள். அவள் ஒரு சோதனையைக் கடந்துகொண்டிருக்கிறாள். எதிரி அவளுடைய சாட்சியைத் திருடப் பார்க்கிறான்" என்று உருக்கமாகச் சொல்கிறாய். கீழே ஒரு கூட்டமே கும்பிடும் கைகளைப் போட்டிருக்கிறது. எதிரி யார் என்று அவர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உன் மனைவி டிலானி இப்போது தோட்டவெளியில், என் வீட்டில், என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவளுக்குச் சோறு போடுகிறவள் நான். ஆகவே அந்த எதிரி நான்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மகன் தாய்க்கு வைக்கக்கூடிய பெயர்களில் இது கொஞ்சம் புதியது.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை இன்று உனக்குத் தபாலில் போடுகிறேன். இன்னொன்றை எங்கள் பங்குக் கோவிலின் மாத இதழுக்குக் கொடுத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் ஏன் என்று கோபப்படாதே. என் வாழ்க்கையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானாட்டானில் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்குச் சொன்னவன் நீ. உனக்கு மட்டும் எழுதினால் வழக்கம்போல ஒரு வசனமும் ஒரு புறாப் படமும் திருப்பி அனுப்புவாய். அவற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பாதர் இதை வாசித்துவிட்டு, "அம்மா, கொஞ்சம் மென்மையாக்கலாமே" என்றார். "மென்மையாச் சொல்லுறதுக்கு என்ர மகன் இருக்கிறான் பாதர், அவன்ர வேலையை நான் ஏன் பறிப்பான்?" என்றேன். சிரித்துக்கொண்டு வாங்கி வைத்தார். டிலானியைப் பற்றி எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். வேறோர் இடத்தை நானாகவே வெட்டப் போனபோது, "அது இருக்கட்டும் மாமி. அது அவருக்குத் தெரிய வேணும்" என்றாள். கேட்டு எழுதுவது அப்படியொன்றும் கடினமான காரியமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உனக்கும் டிலானிக்கும் முதல் பிள்ளை, கொழும்பில், மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்தாள். இரண்டு நாள் இருந்தாள். அவள் தங்க மாட்டாள் என்று தெரிந்ததும் டிலானி ஒரு தாதியிடம் கெஞ்சி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுப்பித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத் தானே ஞானஸ்நானம் கொடுத்தாள். செலின் என்று பெயர் வைத்தாள். நீ அப்போது வெளியே நின்று உன் செபக்குழுவுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தாய். அதற்காக நான் உன்னைக் குறை சொல்லவில்லை. ஆண்கள் ஆஸ்பத்திரியில் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பார்கள், உனக்குப் போன். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை செலின் என்ற பெயர் உன் வாயில் வரவில்லை. "எங்கள் சோதனை" என்கிறாய். "ஆண்டவர் எங்களுக்கு அனுமதித்த அந்த இழப்பு" என்கிறாய். மழை வெள்ளத்தில் கோழிக்கூடு போனவன்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்வான்.

கிழமை நாட்களில் நீ காப்புறுதி விற்கிறாய், சனி ஞாயிறுகளில் விசுவாசம். இரண்டுக்கும் ஒரே குரல்தான் வைத்திருக்கிறாய் என்பதை நானாட்டானில்தான் முதன்முதலாக நேரே கேட்டேன். எனக்கு வான் வண்டி அனுப்பினாய். முன்வரிசையில் கதிரை, கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை: துன்பமே வரம். அதன் கீழே நெருப்புக்குள் கிடக்கும் ஒரு தங்கக் கட்டியின் படம். வெளியே அறுவடைக் காலம், டிராக்டர்கள் போய்வந்துகொண்டிருந்தன. உள்ளே வந்திருந்த சனத்தில் பாதிப்பேர் விடியவே வயலில் நின்றுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்கு நீ கஷ்டம் என்றால் என்னவென்று விளக்கினாய். முகாமுக்குப் போய் வந்தவர்களுக்கு, வீட்டை இரண்டு தரம் கட்டியவர்களுக்கு, ஒலிபெருக்கி வைத்து விளக்கினாய். அவர்கள் பாவம், மரியாதையான சனம், தலையாட்டினார்கள்.

பிறகு என்னைக் கை காட்டினாய். "இதோ என் தாய். கடலுக்குப் போன என் தந்தை திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆனால் என் தாய் ஒருநாளும் முணுமுணுக்கவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தோனியாரின் திருமுகத்தைப் பார்த்துக் கண்ணீரோடு நன்றி சொன்னார்" என்றாய். எழுந்து நிற்கச் சொன்னாய். நின்றேன். கைதட்டினார்கள். என் புருசன் கடலில் போனதற்கு இத்தனை வருடம் கழித்து ஒரு கைதட்டு. எனக்கு அங்கேயே உன் காதைத் திருக வேண்டும்போல இருந்தது, மேடை உயரமாக இருந்தது.

நான் முணுமுணுக்கவில்லை என்பது உண்மை. சத்தம் போட்டேன். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்து பேசாலையில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். உன் அப்பா போனது அதற்கு அடுத்த வருடம். ஒன்றும் அசாதாரணமான காற்றில்லை, ஒன்றும் அசாதாரணமான கடலில்லை. படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அந்தோனியாரிடம் கேள், தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்டேன். முகாமிலிருந்து சேலையில் சுற்றிக் கொண்டுவந்த சொரூபம். அதற்கு முன்னால் முழங்காலில் நின்று, ஆள் வந்தால் ஏழைகளுக்குப் பாண் கொடுக்கிறேன், வந்தால் மொட்டை போடுகிறேன், உடம்பாவது வந்தால் போதும் என்று நாளுக்கு நாள் விலையைக் குறைத்துக்கொண்டு வந்தேன். அதே மாதத்தில் மூன்று வீடு தள்ளி ஒருத்தியின் அடையாள அட்டை அவருடைய புண்ணியத்தில் அரிசிப் பானைக்குள் அகப்பட்டது. இன்னொருத்திக்கு ஆடு வந்தது. அட்டையையும் ஆட்டையும் தேடித் திரிந்தவருக்கு ஒரு ஆளைத் தேட நேரமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவரை அப்படியே தோளில் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். கையிலிருந்த குழந்தை யேசுவும் சேர்ந்து சுவரைப் பார்த்தது. அதற்கு மட்டும் மனம் கொஞ்சம் சங்கடப்பட்டது, ஆனால் தூக்கி வைத்திருக்கிறவர் அவர்.

நீ பள்ளியால் வந்து, "அம்மா, அந்தோனியார் ஏன் சுவரைப் பாக்கிறார்?" என்று கேட்டாய். "தேடச் சொன்னதைத் தேடாமல் நிண்டவர். அங்கை நிண்டு யோசிக்கட்டும்" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்போது உனக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது. அதையெல்லாம் மறந்துவிட்டாயா, அல்லது மண்டபத்துக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டாயா என்று தெரியவில்லை. ஏனென்றால் உனக்கு இன்னொன்றும் தெரியும். அடுத்த செவ்வாய் நான் மெழுகுதிரி ஏற்றினேன். அவருடைய முதுகுக்கு. அதற்கடுத்த செவ்வாயும். முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை, ஏற்றாமல் இருக்கவும் முடியவில்லை. நீ மண்டபத்தில் சொன்ன "திருமுகம்" வருடக்கணக்காகச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. கிட்ட வைத்து ஏற்றியதால் அவருடைய அங்கியின் பின்பக்கம் கரி பிடித்தது. நன்றியும் இல்லை, கண்ணீரும் இல்லை. "இந்தா, திரி. உம்முடைய கடமையை நீர் செய்யாவிட்டாலும் என்னுடையதை நான் செய்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு மெஷினில் போய் இருப்பேன்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்த சனத்தைப் பற்றி நீ பேசவில்லை. பேசியிருக்க வேண்டும், உன் இனத்தார் அவர்கள்தான். வெள்ளை உடுத்தி, வாசலில் செருப்பை நேராக அடுக்கிவிட்டு வந்து இருப்பார்கள். "தாங்கக்கூடிய ஆளுக்குத்தான் பிள்ளை ஆண்டவர் சிலுவை குடுக்கிறவர்" என்றாள் ஒருத்தி. "அப்ப என்னைக் கொஞ்சம் நோஞ்சானாப் படைச்சிருக்கலாமே, அந்த மனுசன் தப்பியிருக்கும்" என்றேன். அவளுக்குத் தேநீர் பாதியில் கசந்துவிட்டது. இன்னொருவர் உன் தலையில் கை வைத்து, "நீ இனி ஆம்பிளை, அம்மாவை நீதான் தேற்ற வேணும்" என்றார். மீசைகூட அரும்பாத பொடியனிடம். நீ அதைப் பெரிய உத்தியோகமாக எடுத்துக்கொண்டாய். மறைக்கல்வி வகுப்பில் கேட்டதையெல்லாம் பின்னேரத்தில் என்னிடம் வந்து ஒப்பிப்பாய். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். தகப்பனுக்காக அழ வேண்டிய பிள்ளையை அவர் ஒரே சொல்லில் ஆறுதல் சொல்லும் ஆளாக்கிவிட்டுப் போனார். அன்றைக்குத் தொடங்கியவன், இன்னும் நீ நிறுத்தவில்லை.

நானாட்டான் பரமேஸ்வரியை நினைவிருக்கிறதா? முகாமில் எங்களுக்கு அடுத்த அறையில் இருந்தவள், பிள்ளையார் கோவில்காரி, வயல் செய்கிற சனம். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன் நான் தைத்துக் கொடுக்க வேண்டிய யூனிபோம் எல்லாம் வெட்டியபடி குவிந்து கிடந்தன. எனக்குக் கை ஓடவில்லை. அவள் பஸ்சில் அரிசியும் கொண்டு வந்து இறங்கினாள். எல்லோரையும்போல அழுவாள் என்று பார்த்தேன். "நான் சொல்லுறதுக்கு ஒண்டும் கொண்டு வரேல்லை. ஊசி எங்க?" என்றாள். இருந்து பொத்தான் தைத்தாள். இரண்டு கிழமை நின்றாள் என்று நினைக்கிறேன். தையல் அவளுக்குச் சுத்தமாக வராது. பொத்தானும் துளையும் ஒன்றுக்கொன்று பகை; அந்த வருடம் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பாதிப்பேர் கோணல் சட்டையோடு திரிந்தார்கள், பெற்றோர் வந்து என்னைத் திட்டினார்கள். ஒருநாள் சொரூபத்தைப் பார்த்து, "உன்ர சாமி என்ன, கோவமோ?" என்று கேட்டாள். "நான்தான் திருப்பினனான்" என்றேன். "நல்லது. நான் இந்தியாவுக்குப் போகேக்க என்ர பிள்ளையாரைக் கிணத்துக்குள்ள விட்டிட்டுப் போனனான். வந்து பாத்தா ஆள் அங்கயேதான் இருக்கிறார், அவருக்கு வேற எங்க போக?" என்றாள். உன் அப்பா போனபின் நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்கு.

அந்தோனியார் எப்போது திரும்பினார் என்று கேட்பாய். உன் மேடைக்கு ஏற்ற காட்சி ஒன்றும் இல்லை. தோட்டவெளிக்கு வீடு மாறியபின் ஒரு நத்தார்ப் பண்டிகைக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர் தூசி தட்டும்போது நேராக வைத்துவிட்டார். "அக்கா, அந்தோனியார் மற்றப்பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவர், சரியாக்கி விட்டனான்" என்று பெருமையாகச் சொன்னார். திரும்பவும் சுவர்ப்பக்கம் திருப்பப் போனேன். கை எழவில்லை. கோபம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், பழகிவிட்டது. இத்தனை வருடம் முதுகோடு பேசியதில் எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. முன்பெல்லாம் நான் அவரிடம் போனது எதையாவது வாங்க. பாண் கொடுத்து ஆளை வாங்க, மொட்டை போட்டு உடம்பை வாங்க. வாங்க முடியாது என்று தெரிந்தபின், அவரிடமிருந்து இனி எனக்கு ஒன்றும் வராது என்று நிச்சயமானபின், செவ்வாய்க்கிழமை வந்தால் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடியது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது நான் விசுவாசிக்கிறவள் என்று. அதுவரை நான் வெறும் வாடிக்கையாளர். கஷ்டம் விசுவாசத்தைப் பலப்படுத்தும் என்று நீ சொல்வதில் ஏதாவது உண்மை இருந்தால் அது இவ்வளவுதான். அதை நான் கஷ்டத்துக்கு நடுவில் இருக்கும்போது ஒருவர் வந்து சொல்லியிருந்தால் அவருக்கு என் கத்தரிக்கோலால் பதில் சொல்லியிருப்பேன்.

எல்லோருக்கும் அப்படி ஆவதும் இல்லை. அதே கடலில், அதே காலத்தில் புருசனைப் பறிகொடுத்த இன்னொருத்தி எங்கள் குறிச்சியில் இருக்கிறாள். கோவிலுக்குப் போவதை நிறுத்தினாள், இன்றுவரை போகவில்லை. என்னைவிட நல்லவள், என்னைவிட அதிகம் செபித்தவள். அவளை உன் நெருப்பும் தங்கமும் உள்ள பதாகைக்கு முன்னால் நிறுத்துவாயா? உங்களைப்போன்றவர்கள் கரை சேர்ந்தவர்களை மட்டும் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டுக் கடல் நல்லது என்கிறீர்கள். துன்பத்திலிருந்து பொறுமை வரும் என்ற அந்த வசனத்தை நீ எத்தனையோ தரம் சொல்லிவிட்டாய். அதை எழுதிய பவுல் அடிபட்டவர், கப்பல் உடைந்து கடலில் கிடந்தவர், சிறையில் இருந்தவர். அவர் தன் முதுகைக் காட்டிச் சொன்னார். நீ உன் மனைவியின் வயிற்றைக் காட்டிச் சொன்னாய்.

ஆம், அதற்குத்தான் வருகிறேன். என்னை இருத்திவிட்டு அவளைக் கூப்பிட்டாய். பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் ஆறவில்லை. அதை வானில் ஏற்றிக் கொழும்பிலிருந்து நானாட்டான்வரை கொண்டுவந்திருந்தாய். "என் மனைவி இப்போது, ஆண்டவர் எங்கள் இழப்பில் எப்படி ஆறுதல் தந்தார் என்று சாட்சி சொல்லுவார்" என்று மைக்கை அவள் கையில் கொடுத்தாய். அவள் நின்றாள். நீ மெதுவாக, ஆனால் இன்னொரு மைக்கில், "சொல்லம்மா, பயப்படாமல் சொல்லு" என்றாய். அவள் மைக்கைக் கதிரையில் வைத்துவிட்டு, மேடையின் பக்கப் படியால் இறங்கி, வெளியே போனாள். நீ கண்ணை மூடி, "தடைகளை உடைப்போம்" என்று பாட்டைத் தொடக்கினாய். ஓகன் வாசிப்பும் உடனே சேர்ந்துகொண்டது. நானும் எழும்பிப் போனேன்.

அவள் ஏன் இறங்கினாள் என்று உனக்கு இன்றுவரை தெரியாது. எதிரி திருடினான் என்கிறாய். முன்வரிசையில், எனக்கு இரண்டு கதிரை தள்ளி, ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள். டிலானி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் அந்தக் குழந்தை பசியில் அழுதது. டிலானிக்குப் பால் சுரந்துவிட்டது. செலினுக்கு ஒரு சொட்டும் கொடுக்கக் கிடைக்காத பால். அத்தனை சனத்துக்கு முன்னால் அவளுடைய சட்டை நனைந்தது. நீ அவளுக்குப் பக்கத்தில் நின்றாய், சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பஸ்சில் மன்னார்வரை என் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள், பாலத்தைத் தாண்டும்போதுதான் அழுதாள். "மாமி, ஆண்டவர் என்ன ஆறுதல் தந்தவர் எண்டு கேக்கிறார். எனக்கு இதுதான் தந்தவர், இதையே காட்டுறது?" என்றாள். பஸ்சில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும் என்று விட்டேன். நான் வெட்டப் போய் அவள் வைக்கச் சொன்ன இடம் இது.

அவள் இப்போது பூசைக்கு வருவதில்லை. நான் கூப்பிடவும் இல்லை. பிழையான தையலைப் பிரித்துத் தருகிறாள், பின்னேரத்தில் கோழிகளுக்குத் தீன் போடுகிறாள், ஒரு பிடி சாப்பிடுகிறாள். பரமேஸ்வரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவளுக்கு இப்போது கண்ணும் தெரியாது, இன்னும் மோசமாகத் தைப்பாள். உன்னிடம் திரும்பி வருவாளா என்று நீ பாதரிடம் போனில் கேட்டாயாம். என்னிடம் கேட்கத் தைரியமில்லை. அவள் வருவதும் வராததும் என் கையில் இல்லை. ஆனால் அவள் என்னிடம் ஒன்று கேட்கிறாள். செலினை அடக்கம் செய்த அன்று அவள் வார்ட்டில் கிடந்தாள். நீதான் கொண்டுபோனாய். திரும்பி வந்ததும், "எங்க வைச்சனீங்கள்?" என்று கேட்டாளாம். "பிள்ளை மோட்சத்தில இருக்கு, நீ ஏன் மண்ணில தேடுறாய்?" என்றாயாம். அதற்குப்பின் அவள் கேட்கவில்லை. என்னிடம் கேட்கிறாள். "மாமி, சேமக்காலையில எந்தப் பக்கம் எண்டு உங்களுக்குச் சொன்னவரோ? சுவரோரமோ, மரத்துக்குக் கீழயோ?" எனக்குத் தெரியாது மகனே. உன் அப்பாவுக்கு எங்கே பூ வைப்பது என்று தெரியாமல் நான் இத்தனை வருடம் ஒரு முழுக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை என் தலையில் போட்டது கடல். இவளுக்கு ஒரு சின்ன இடம் இருக்கிறது, அது எங்கே என்று நீ சொல்லாமல் வைத்திருக்கிறாய். பொறுமையைக் கற்றுக்கொடுக்க இதைவிட மலிவான வழி ஒன்றும் கிடைக்கவில்லையா உனக்கு?

நீ வர வேண்டும். கொழும்பிலிருந்து மன்னார் பஸ் தினமும் ஓடுகிறது, அதில் ஏறி வா. செபக்குழு வேண்டாம், வான் வேண்டாம், பழக்கூடையும் வேண்டாம். வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டு. அங்கே அவள் திட்டினால் கேட்டுக்கொண்டு நில். உன்னைத் திட்டலாம், ஆண்டவரைத் திட்டலாம். அவர் என்னிடம் ஏற்கெனவே திட்டு வாங்கியவர், தாங்குவார். நீதான் தாங்குவாயா என்று தெரியவில்லை.

இனி எழுதுவதை மட்டும் டிலானிக்கு வாசித்துக் காட்டவில்லை. இது அவளைப் பற்றியதல்ல, உன்னைப் பற்றியது. செலினை அடக்கம் செய்த அன்று உன்னோடு காரில் போன உன் கூட்டாளி எனக்குப் போன் எடுத்தான். "அம்மா, உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். அவர் அந்தப் பெட்டியை ஒருத்தரிட்டையும் குடுக்கேல்லை. நாங்கள் கேக்கக் கேக்க மடியிலயே வைச்சுக்கொண்டு வந்தவர். சேமக்காலையில இறக்கச் சொல்ல, கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ எண்டு காரை விட்டு இறங்கேல்லை. பாதர் வெயிலுக்குள்ள காத்துக்கொண்டு நிண்டவர்" என்றான். இதை ஏன் நீ ஒரு மேடையிலும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இதில் வெற்றி இல்லை. ஆனால் உன்னிடம் இருக்கிற ஒரே சாட்சி இதுதான், அதைக் கேட்க வேண்டியவள் ஒருத்திதான். இதழ் முதல் ஞாயிறு பூசைக்குப் பிறகு கோவில் வாசலில் கொடுபடும். அதற்கு முன் நீ வந்து உன் வாயால் அவளிடம் சொன்னால் இந்தக் கடைசிப் பகுதியை எடுத்துவிடும்படி எங்கள் பாதரிடம் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம்வரை காத்திருப்பதாகச் சொன்னார். ஆகவே இந்த வரிகள் அச்சில் வந்திருந்தால் நீ வரவில்லை என்று இந்தப் பங்கில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். டிலானிக்கும் தெரிந்துவிடும். தன் பிள்ளையை நீ மடியைவிட்டு இறக்கவில்லை என்பதையும், அதைச் சொல்ல அவளிடம் வரவில்லை என்பதையும் அவள் ஒரே பக்கத்தில் வாசிப்பாள்.

அம்மா